பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த செபம்

1544ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் தன் கூட்டாளி மன்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், பல அலுவல்களுக்கு நடுவே ஒரு திருத்தம் இருக்கிறது. விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொடுக்கும்போது ‘எனக்கு வேணும்’ என்று இனிமேல் சொல்ல வேண்டாம், ‘விசுவாசம்’ என்று சொல்லுங்கள் என்கிறார். ‘வேணும்’ என்றால் ஆசைப்படுகிறேன் என்றுதான் அர்த்தமாம். நம்புகிறேன் என்று வராதாம். பாடுகளைப் பற்றிய இடத்தில் இருந்த ‘வன்பினாலே’ என்பதையும் தூக்கிவிடச் சொல்கிறார். கிறிஸ்து பாடுபட்டது தன் விருப்பத்தோடு, யாருடைய வற்புறுத்தலுக்கும் அல்ல என்பது காரணம்.

சவேரியார் அந்தக் கரைக்கு வந்தது 1542இன் கடைசியில். ஆக, ஏறக்குறைய இரண்டு வருடமாக அந்தக் கரைப் பிள்ளைகள் கடவுளைத் தங்களுக்கு ‘வேணும்’ என்று கூட்டமாகக் கத்திப் பாடமாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் கேட்கிற விதத்துக்கு அது பொருத்தமாய்த்தான் இருந்திருக்கும்.

நான் மன்னார்த் தீவில் தோட்டவெளியில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றேன். சனிக்கிழமை பின்னேரங்களில் கோயிலில் முதல் நன்மை வகுப்பு எடுத்தேன், இப்போதும் இடைக்கிடை எடுக்கிறேன். சின்னப் பிள்ளைக்கு ஒரு செபத்தைப் பாடமாக்கிக் கொடுப்பது எங்கள் கரையில் எத்தனை பழைய தொழில் என்பது, அதைச் செய்துகொண்டிருந்த காலத்தில் எனக்குத் தெரியாது. பிறகு வாசிக்க வாசிக்கத்தான் ஒன்று பிடிபட்டது. தமிழில் முதன்முதலாக அச்சேறியவை எல்லாம் செபம் படிப்பிக்கிற புத்தகங்கள். அவற்றை ஊருக்குள் கொண்டுபோனதும், எந்தச் சொல் நிற்கும் எந்தச் சொல் விழும் என்று தீர்த்ததும் பெரும்பாலும் பிள்ளைகள்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. 1544 தை மாதம் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் தன் வழியை அவரே விவரிக்கிறார். இரண்டு பாஷையும் கொஞ்சங் கொஞ்சம் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, நாள்கணக்காகப் பாடுபட்டுச் செபங்களைத் தமிழாக்கினார்கள். அதை அவர் அர்த்தம் புரிந்தும் புரியாமலும் மனப்பாடம் பண்ணிக்கொண்டார். பிறகு கையில் ஒரு மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் ஆண்களையும் கூப்பிட்டுச் சேர்த்து, நாளைக்கு இரண்டு தடவை படிப்பித்தார். இப்படி ஒரு மாதம். வகுப்பு முடிகையில் ஒரு கட்டளையும் போட்டார்: இங்கே படித்ததை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அயலட்டைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஊரில் யாருக்காவது வருத்தம் என்று ஆள் வந்தால், தான் போக நேரமில்லாதபோது செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். பிள்ளைகள் தன்னைச் சாப்பிடவும் விடுவதில்லை, நித்திரைகொள்ளவும் விடுவதில்லை, ஏதாவது ஒரு செபம் சொல்லித்தா என்று நிற்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாடமாக்க ஒன்று கிடைத்துவிட்டால் அப்படித்தான். வீட்டில் இருக்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்றும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அது எனக்கு உவப்பில்லாதது. வீட்டில் பெரியவர்கள் பழைய தெய்வத்துக்கு விளக்கு வைத்தால் பிள்ளைகள் வந்து சொல்லிவிடுவார்கள் என்றும், பிறகு அவர்களையே கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுரூபங்களை உடைத்ததாகவும் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பிள்ளையை வீட்டுக்கு ஆசிரியனாக்குகிறவன் ஒற்றனாகவும் ஆக்கிவிடலாம். இதை மூடிவைத்துவிட்டு மணியை மட்டும் பேசுவது சரியாய் இராது.

மணி அடித்தால் மட்டும் பள்ளிக்கூடம் நடந்துவிடாது; சம்பளம் வேண்டும். ஊருக்கு ஊர் ‘கணக்கப்பிள்ளை’ என்று ஒருவரை வைத்து, சுவாமியார் இல்லாத நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுக்கச் செய்தார்கள். அதற்குக் காசு வந்த வழி விசித்திரமானது. முத்துக்குளித்துறையிலிருந்து ஆண்டுதோறும் 4000 பணம் போர்த்துக்கல் இராணி கத்தரீனாளின் பாதரட்சைச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. அந்தச் செருப்புக் காசைச் சவேரியார் கேட்டு வாங்கினார். மோட்சத்துக்கு ஏற இந்தக் கரைப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு இராணிக்குக் கிடைக்காது என்று அவர் எழுதியதாகச் சரித்திரகாரர்கள் சொல்கிறார்கள். பரதவர் மூச்சடக்கி எடுத்த முத்தின் வரி, கடல் தாண்டி இராணியின் காலுக்குப் போகாமல் அதே பரதவரின் பிள்ளைகளுடைய வாத்தியாருக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நடந்த எத்தனையோ கல்வி நிதி ஏற்பாடுகளில் இதைப்போல நியாயமான ஒன்று குறைவு என்றே நினைக்கிறேன்.

அந்த 1544இல்தான் எங்கள் ஊரின் கதை தொடங்குகிறது. அக்கரையில் நடப்பதைக் கேள்விப்பட்ட மன்னார்க் கடற்கரைச் சனம் தங்களுக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்று ஆள் அனுப்பியது. சவேரியார் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தார். தான் வர முடியாமல் வேறொரு குருவை அனுப்பினார். கேள்விப்பட்ட யாழ்ப்பாண அரசன் சங்கிலி படையோடு வந்து, புதிதாய் வேதத்தில் சேர்ந்தவர்களைக் கொன்றுபோட்டான். 600 என்பார் ஒரு சாரார், 700 என்பார் இன்னொரு சாரார். போர்த்துக்கேயர் எழுத்தில் அந்த இடத்துக்குப் ‘பட்டிம்’ என்று பெயர். அது தீவில் எந்த இடம் என்று ஆராய்கிறவர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எங்களுக்குச் சந்தேகமில்லை, வேதசாட்சிகள் கோயில் தோட்டவெளியில் இருக்கிறது, திருநாள் இங்கேதான் நடக்கிறது.

ஞானஸ்நானத்துக்கும் வெட்டுக்கும் இடையில் மிகக் குறுகிய காலந்தான். அதற்குள் அந்தச் சனம் எவ்வளவு செபம் பாடமாக்கியிருக்கும்? திருத்தக் கடிதமும் இந்தக் கொலையும் ஒரே ஆண்டு. கடிதம் போய்ச் சேர்ந்து, படி எடுத்து, கடல் கடந்து மன்னாருக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் சொல்லிச் செத்தது பெரும்பாலும் ‘எனக்கு வேணும்’ என்பதாகத்தான் இருக்கும். இது என் கணிப்பு, அவ்வளவுதான். ஆனாலும் முதல் நன்மைப் பிள்ளைகளுக்குக் கோயில் வரலாறு சொல்லும்போது இதையும் சொல்வேன். பிழையான சொல்லுக்காகவா செத்தார்கள் ரீச்சர் என்று ஒரு பெடியன் கேட்டான். அவனுக்குச் சுவாமியாரைக் காட்டிவிட்டேன்.

1560இல் கொன்ஸ்தந்தீனு தெ பிரகன்சா என்ற தேசாதிபதி யாழ்ப்பாணத்தை அடிக்க வந்து, அது முற்றாகச் சரிவராமல் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார். வடுகர் தொல்லையால் தவித்துக்கொண்டிருந்த புன்னைக்காயல் பரதவரில் ஒரு பகுதியைத் தீவுக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களோடு வந்தவர்தான் அன்றீக்கு அடிகளார், போர்த்துக்கேய உச்சரிப்பில் என்றிக்கே என்றிக்கஸ். 1560களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கடிதங்களில் சில மன்னாரிலிருந்து போனவை. சில வருடத்தில் தீவில் கொள்ளைநோய் விழுந்து ஏராளம் பேர் மாண்டார்கள். மிச்சப்பட்டவர்களில் பலர் அக்கரைக்கே திரும்பிவிட்டார்கள். அவரும் போனார். 1600இல் இறக்கும்வரை அக்கரைதான் அவர் வீடு.

அன்றீக்கு அடிகளார் விலா விசோசாவில் பிறந்தவர். யூத வழி வந்த குடும்பம், அதனால் சொந்த நாட்டில் முழு மரியாதை கிடைக்காதவர். சவேரியார் பாடமாக்கிச் சொன்னார் என்றால், இவர் உட்கார்ந்து படித்தார். லத்தீன் இலக்கணத்தில் வேற்றுமைகளையும் காலங்களையும் அடுக்குவதுபோல் தமிழையும் அடுக்கிப் பார்த்துச் சில மாதங்களிலேயே துபாசி இல்லாமல் பேசத் தொடங்கிவிட்டார். அவர் எழுதிய இலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி லிஸ்பனில் இருக்கிறது. பேரோ லூயிஸ் என்ற தமிழ்ப் பிராமணர் ஒருவர் பிறகு அவரோடு சேர்ந்து மொழிபெயர்ப்புக்கு உதவினார். இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர் அவர்.

புத்தகங்களுக்கு வருவோம். 1554இல் லிஸ்பனில் ‘கார்த்தில்யா’ என்று ஒன்று அச்சானது. தமிழ்ச் செபங்கள், ஆனால் எழுத்து உரோமன். சிவப்பும் கறுப்புமாக அடித்து, வரிக்கு வரி போர்த்துக்கேயமும் கொடுத்திருந்தார்கள். வேலையைச் செய்தவர்கள் விசெந்தே தெ நசரே, ஜோர்ஜி கர்வால்யு, தொமா த குரூஸ் என்று மூன்று பேர். லிஸ்பனில் இருந்த நம்மவர்கள். கார்த்தில்யா என்றால் பிள்ளைக்கு எழுத்துப் பழக்குகிற அரிச்சுவடி. 24 வருடம் கழித்து 1578 ஐப்பசியில் கொல்லத்தில் அன்றீக்கு அடிகளார் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்திலேயே வந்தது. 16 பக்கம். ஈயத்தில் எழுத்து வார்த்த செலவில் பரதவரின் காசும் உண்டு. அடுத்த வருடம் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. இது மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற குரு போர்த்துக்கல்லில் எழுதிய நூலின் தமிழ். மூலத்தின் தலைப்பிலேயே பிள்ளைகளுக்குப் படிப்பிக்க என்று எழுதியிருக்கிறது. குரு கேட்க மாணாக்கன் சொல்லுகிற கேள்வி பதில். அதே நூல் பிற்பாடு கொங்கணிக்கும் போனது, ஆபிரிக்காவில் கொங்கோ மொழிக்கும் போனது. ஒரே கேள்விக்கு ஒரே பதிலை மூன்று கண்டத்துப் பிள்ளைகள் பாடமாக்கினார்கள்.

இந்த இடத்தில் பிலிப்பைன்ஸைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குக் காரணம் என் பெறாமகள். அவள் டுபாயில் வேலை. பிலிப்பினோப் பிள்ளைகளோடு ஒரே அறை. அங்கே சென் மேரிஸ் கோயிலில் தமிழிலும் பூசை உண்டு, அவர்களுடைய தகாலொக் மொழியிலும் பூசை உண்டு. ஒருநாள் தொலைபேசியில், “சித்தி, இவளவை குசினியைக் குசினா எண்டுறாளவை, சப்பாத்தைச் சப்பாத்தோஸ் எண்டுறாளவை, மேசையை மேசா எண்டுறாளவை. நான் தமிழ் கதைச்சாலும் பாதி விளங்குது” என்றாள். எங்களுக்குப் போர்த்துக்கேயரும் அவர்களுக்கு இசுபானியரும் விட்டுப்போன சாமான்கள். கதிரை, அலுமாரி, அலவாங்கு, பாண், விசுக்கோத்து என்று நம் வீடு முழுக்கக் கிடக்கிற அந்தப் பட்டியலை இங்கே நீட்டப் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் பத்துப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அவள் மார்கழி மாதம் ‘பாஸ்கோ’ வருகிறது என்று அறைத்தோழிகள் குதிக்கிறார்கள் என்று சொன்னபோது நான் குழம்பிப்போனேன். எங்களுக்குப் பாஸ்கா என்றால் தவக்காலம், பாடுகள், பேசாலையில் நடக்கிற பெரிய நாடகம். அவர்களுக்கு அதே சொல் கிறிஸ்து பிறந்த நாள். நாங்கள் அந்த நாளுக்குப் போர்த்துக்கேயரின் ‘நத்தாரை’ எடுத்துக்கொண்டோம்.

மணிலாவில் முதற் புத்தகம் 1593இல் வந்தது. அதுவும் செபப் புத்தகந்தான்: தொத்ரினா கிறிஸ்தியானா. சீனத் தச்சர்கள் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்தது. இசுபானியம் ஒருமுறை, உரோமன் எழுத்தில் தகாலொக் ஒருமுறை, பைபாயின் என்ற அவர்களுடைய சொந்த எழுத்தில் தகாலொக் இன்னொருமுறை. உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே பிரதி வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. நம் தம்பிரான் வணக்கமும் அமெரிக்காவில்தான், ஹார்வர்டில்.

இரண்டு கரையிலும் ஒரே சங்கடம்: எதை மொழிபெயர்ப்பது, எதை அப்படியே விடுவது. மணிலாவில் கடவுளின் பெயரையே மொழிபெயர்க்கப் பயந்தார்கள். பத்தாலா என்று அவர்களுக்கு ஒரு தெய்வப் பெயர் இருந்தும் ‘தியோஸ்’ என்றே அச்சிட்டார்கள். இன்றும் மணிலாப் பிள்ளை தியோஸ் என்றே சொல்கிறது. அன்றீக்கு அடிகளார் கடவுளுக்குத் துணிந்து ‘தம்பிரான்’ என்று போட்டார். சைவ மடத்தில் புழங்குகிற சொல் என்று அவர் தயங்கவில்லை. ஆனால் ஆவியானவரிடம் வந்ததும் கை நடுங்கிவிட்டது: ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று போர்த்துக்கேயத்தை அப்படியே வைத்தார். சிலுவை குருசு ஆயிற்று. குருவானவர் பாதிரி ஆனார். எந்தச் சொல்லில் பிழை விட்டால் ஆபத்து என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள் என்பதை இந்தப் பட்டியலிலிருந்தே கண்டுகொள்ளலாம்.

எழுத்து விஷயத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் விதி வேறாய்ப் போனது. பைபாயினில் மெய்யெழுத்துக்குக் குறி கிடையாது. அசையின் கடைசியில் வருகிற ஒற்றை எழுதாமலே விட்டுவிடுவார்கள், வாசிக்கிறவன் ஊகித்துக்கொள்ள வேண்டும். 1620 அளவில் பிரான்சிஸ்கோ லோப்பெஸ் என்ற குரு, இலொக்கானோ மொழிச் செபப் புத்தகத்துக்காக எழுத்தின் கீழே ஒரு சின்னச் சிலுவை போட்டு உயிரைத் தட்டிவிடலாம் என்று வழி சொன்னார். நாம் தொல்காப்பியக் காலத்திலிருந்தே அறிந்த புள்ளி! ஆனால் தகாலொக்காரர் அதை ஏற்கவில்லை. எங்களுக்கு எங்கள் வழியே போதும் என்று விட்டுவிட்டார்களாம். காலப்போக்கில் உரோமன் எழுத்தே நிலைத்தது. நம்மிடமோ ஏட்டில் புள்ளியே போடாமல் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. முதல் அச்சுப் புத்தகங்களும் ஏட்டு வழக்கத்தையே பின்பற்றின. அப்படியிருந்தும் எழுத்து போகவில்லை. ஏடும் எழுத்தாணியும் திண்ணைப் பள்ளிக்கூடமும் ஊரூராக இருந்த பாஷையை லிஸ்பன் அச்சுக்கூடத்தால் அசைக்க முடியாது.

தகாலொக்கின் பிற்காலக் கதையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதைதான். 1610இல் தோமாஸ் பின்பின் என்ற அச்சுத் தொழிலாளி, தன் சனம் இசுபானியம் படிக்கத் தகாலொக்கிலேயே ஒரு புத்தகம் எழுதினார். ஒரு வரி அது, ஒரு வரி இது என்று பாடிப் படிக்கிற பாட்டுகளும் அதில் உண்டு. 1937இல் தகாலொக்கைத் தேசிய மொழிக்கு அடிப்படையாக்கினார்கள். 1940இல் பள்ளிக்கூடத்துக்கு 20 எழுத்து அரிச்சுவடி வந்தது, 1987இல் அது 28 ஆகப் பெருத்தது. கார்த்தில்யா என்ற அந்த அரிச்சுவடிப் பெயர் அங்கே இன்னொரு வேலையும் செய்தது. இசுபானியரை எதிர்த்து எழுந்த காத்திப்புனான் இயக்கத்தில் புதிதாய்ச் சேர்கிறவனுக்கு எமிலியோ ஹசிந்தோ எழுதிய ஒழுக்கப் பாடத்துக்கு அதே பெயரைத்தான் வைத்தார்கள். குருமார் பிள்ளைகளின் கையில் கொடுத்த புத்தகத்தின் பெயரை வளர்ந்த பிள்ளைகள் குருமாருக்கு எதிராகவே எடுத்தார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒரு துணிச்சல் நடக்கவில்லை.

எங்கள் பக்கம் நடந்தது வேறு. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்ததும் பாதிரிமார் துரத்தப்பட்டார்கள், கோயில்கள் கைமாறின. பள்ளிக்கூடத் தோம்பில் பிள்ளையின் பெயர் ஏற வேண்டும், அவர்களுடைய வினாவிடையைப் பாடமாகச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கலியாணம் பதிவாகாது. பகலில் ஒல்லாந்தப் பள்ளியில் ஒரு விதமாகவும், இரவில் வீட்டில் இன்னொரு விதமாகவும் பிள்ளைகள் செபம் சொன்ன காலம் அது. இரண்டையும் குழப்பாமல் வைத்திருந்த அந்தப் பிள்ளைகளின் ஞாபகசக்தியை நினைத்தால் எனக்கு ஆச்சரியம். பிறகு 1687இல் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து, யோசேவாஸ் முனிவர் கூலியாள் வேஷத்தில் வந்தார். 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் வந்தார். இருவருக்கும் தாய்மொழி கொங்கணி. கொன்சால்வெஸ் சுவாமியாரின் ‘வியாகுல பிரசங்கம்’ தவக்காலத்தில் மன்னார்க் கோயில்களில் இராகம் போட்டு வாசிக்கப்படுகிற ஒன்று. பேசாலைப் பாஸ்காவுக்கும் அதுவே வேர். நல்ல வாசிப்புக்காரர் ஒருவர் அமைந்துவிட்டால், அர்த்தம் பாதி விளங்காத சின்னப் பிள்ளைகூட அழும்.

சொற்கள் இதற்கிடையில் மாறிக்கொண்டிருந்தன. மதுரைப் பக்கம் 1606இல் வந்த தத்துவ போதகர் என்ற குரு வடமொழியைத் தாராளமாக எடுத்தார். அந்தக் காற்று கடல் கடந்து எங்களிடமும் வீசியது. தம்பிரான் போய்ச் சர்வேசுரன் வந்தார். ஞானஸ்நானமும் தேவதிரவிய அனுமானமும் பாவசங்கீர்த்தனமும் வந்தன. இந்தப் பெரிய சொற்களை ஒரு மீன்பிடிக்காரரின் எட்டு வயதுப் பிள்ளை மூச்சு விடாமல் சொல்லும். என் அம்மம்மா பள்ளிக்கூடப் படியை அதிகம் மிதித்தவள் இல்லை. ஆனால் ‘தேவதிரவிய அனுமானம்’ என்று அவள் சொன்னால் ஓர் எழுத்துப் பிசகாது. பூசை லத்தீனில் நடந்தது. பீடப் பெடியள் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த லத்தீனை ஒப்புவிப்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்து பூசை தமிழுக்கு வந்தபோது, அம்மம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “இப்ப எல்லாம் விளங்குது, அதுதான் கரைச்சல்” என்றாள்.

தமிழுக்கு வந்த பிறகு, எந்தத் தமிழ் என்ற கேள்வி வந்தது. இந்தியாவில் தூய தமிழ்க் காற்று அடித்த காலம். சேசு இயேசு ஆனார். பூசை திருப்பலி ஆயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தபின் பழைய சொற்கள் இன்னும் வேகமாக ஒதுங்கின. ஆவியானவர்தான் அதிகம் அலைந்தவர்: அம்மம்மாவுக்கு இஸ்பிரீத்து சாந்து, அம்மாவுக்குப் பரிசுத்த ஆவி, என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தூய ஆவி. ஒரு சனிக்கிழமை சின்னப் பெட்டை ஒருத்தி வந்து முறையிட்டாள்: “ரீச்சர், எங்கட அப்பாச்சி பிதா சுதன் எண்டு வடிவாத்தான் துவங்குறா. பிறகு ஆரோ வேற ஆளைக் கூப்பிடுறா.”

இந்த மாற்றத்தைக் கூட்டம் போட்டுத் தீர்மானித்தவர்கள் பெரியவர்கள், படித்தவர்கள். நான் அதை எதிர்த்தவள் அல்ல. தமிழ் படிப்பித்தவளுக்குத் திருமுழுக்கு என்ற சொல் காதுக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் அச்சிட்ட தாள் கோயிலுக்கு வந்தவுடன் சொல் மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் ஒரு மாலை எங்கள் ஊர் வீடொன்றில் செபமாலை சொல்லும் நேரம் வந்து இருக்க வேண்டும். முதல் நன்மைக்கு ஆயத்தமாகிற பிள்ளை மங்கள வார்த்தைச் செபத்தின் முன்பாதியைப் புதுத் தமிழில் சொல்லும். பாயில் சுவரோடு சாய்ந்திருக்கிற கிழவி பின்பாதியைப் பழைய தமிழில் சொல்வாள். பழையது கொஞ்சம் நீளம், கிழவியின் மூச்சும் கட்டை. அவள் முடிக்குமுன் பிள்ளை அடுத்த மணிக்குப் போய்விடும். கிழவி விடமாட்டாள், முடித்துத்தான் மறு மணியைத் தொடுவாள். பத்து மணி முடிவதற்குள் பிள்ளை ஒரு மணி முன்னே நிற்கும். நடுவில் இருக்கிற தாய், “அம்மம்மாவைப் பார்த்துச் சொல்லு மோனை” என்பாள். சில வாரத்தில் பிள்ளை கிழவியின் சொல்லையும் பிடித்துக்கொள்ளும். கோயிலில் ஒன்று, வீட்டில் ஒன்று. ஒல்லாந்தர் காலத்துப் பிள்ளைகளுக்கு இருந்த அதே சாமர்த்தியம். ஒரு சொல் இங்கே உண்மையாகச் சாவது, அதை வீட்டில் சொல்ல ஆளில்லாமல் போகிறபோதுதான். இஸ்பிரீத்து சாந்து எங்கள் ஊரில் அப்படித்தான் போனது, ஒவ்வொரு கிழவியாக.

யுத்தமும் இதில் கை வைத்தது. 1990க்குப் பிறகு தீவிலிருந்து வள்ளம் ஏறி இராமேசுவரம் போய், மண்டபம் முகாமிலும் அதற்கப்பாலும் வருடக்கணக்கில் இருந்த குடும்பங்கள் பல. அங்கே பிறந்து, அங்கே முதல் நன்மை வாங்கிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது தமிழ்நாட்டுத் தாளில் இருந்த சொற்களோடு வந்தார்கள். நாங்கள் ‘முதல் நன்மை’ என்றால் அவர்கள் ‘புது நன்மை’ என்றார்கள். ‘சுவாமியார்’ என்றால் ‘சாமியார்’ என்றார்கள். மடுவில் தறப்பாள் கொட்டிலில் இருந்து வந்த பிள்ளைகளிடம் பழைய சொல்லே இருந்தது, ஏனென்றால் அங்கே சொல்லிக்கொடுத்தது ஊர்க் கிழவிகள். வகுப்பில் மூன்று வகைப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து ஒரே செபத்தைச் சொன்னால் கேட்கவேண்டும். நான் எந்தப் பக்கமும் திருத்தவில்லை. ஒரு மாதம் போக விட்டேன். அதிகம் சத்தம்போட்டுச் சொல்கிறவர்களின் சொல் வென்றது. மண்டபத்துப் பிள்ளைகளுக்குத் தொண்டை பெரிது.

இப்போது இந்த வேலை ரொறொன்ரோவுக்கும் பாரிசுக்கும் போய்விட்டது. என் தங்கையின் பேரப்பிள்ளைக்கு இந்த வருடம் ரொறொன்ரோவில் முதல் நன்மை. தமிழ் பேசும், வாசிக்காது. செபத்தை இங்கிலீசு எழுத்தில் அடித்து வாட்சப்பில் போடுங்கோ என்று தாய் கேட்டாள். லிஸ்பனில் அந்த மூன்று பேரும் செய்த அதே வேலை. உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். ழகரத்துக்கு என்ன போடுவது, ளகரத்துக்கு என்ன போடுவது என்று அவர்கள் பட்ட பாடு விளங்கியது. எந்தச் சொல்லில் அனுப்புவது என்றும் கேட்டேன், பழையதா புதியதா. தாய் யோசித்துவிட்டு, அங்கத்தைச் சுவாமியார் புதியதைத்தான் கேட்பார், ஆனால் அம்மாவுக்குப் பழையதுதான் வரும், அவவோடதான் பிள்ளை இரவில படுக்கிறது என்றாள். இரண்டையும் அடித்து அனுப்பினேன். பாவசங்கீர்த்தனத்தில் எத்தனை எழுத்து என்று பிள்ளை எண்ணிப் பார்த்ததாம். அடுத்த நாள் குரல் பதிவு ஒன்று வந்தது, பழையதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இது எங்கட வகுப்பில வேற ஒருத்தருக்கும் தெரியாது என்று இங்கிலீசில் பெருமை அடித்துக்கொண்டு.